பக்கவாதத்துக்குப் பிறகு ஓர் ஏற்புவழி உளச்சிகிச்சைக் குழு: தண்டையார்பேட்டை மையம் ஒன்றைப் பற்றிய மதிப்புரை

தண்டையார்பேட்டையில் இயங்கும் ஒரு நரம்பியல் மறுவாழ்வு மையம், பக்கவாதம், பார்க்கின்சன் எனும் நடுக்குவாதம், வலிப்பு, தலைக்காயம் போன்றவற்றுக்குப் பின் வாழ்க்கையைத் தொடர வேண்டியிருப்பவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தினருக்கும் எட்டு வாரக் குழு அமர்வு ஒன்றை நடத்துகிறது. வாரத்துக்கு ஒரு நாள், நடுவில் தேநீர் இடைவேளையுடன் இரண்டு மணி நேரம். அதே மையத்தில் பிசியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும் தனித்தனியே நடக்கின்றன. இந்தக் குழு முழுக்க மனத்துக்கானது; வலிமிகுந்த எண்ணங்களோடு போராடிக்கொண்டிராமல் முக்கியமானதைச் செய்யப் பழக்கும் ஏற்புவழி உளச்சிகிச்சை என்ற முறையில் நடக்கிறது. என் கணவருடன் ஒரு சுற்று முழுவதும் உடனிருந்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். மையத்தின் பெயரை நான் குறிப்பிடவில்லை. குழுவில் இருந்தவர்கள் பெரும்பாலும் பக்கத்துத் தெருக்காரர்கள். பெயரைச் சொன்னால் இன்னார் என்று காலாடிப்பேட்டை முதல் காசிமேடு வரை கண்டுபிடித்துவிடுவார்கள். அதே காரணத்துக்காகப் பிறரைப் பற்றிய சிறு விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நல்ல சேவை. போகத் தகுந்த சேவை. இந்தச் சிகிச்சை முறையை, அடிபட்ட மூளையோடு வருகிறவர்களுக்கு ஏற்றபடி மாற்றியமைத்த ஒவ்வோர் இடத்திலும் அது எங்களுக்கு மிகவும் உதவியது. புத்தகத்தில் உள்ளபடியே நடத்திய இடங்களில் உதவவில்லை. நல்லது, குறை இரண்டையும் இந்த ஓர் அளவுகோலை வைத்தே சொல்லப்போகிறேன்.

என் கணவர் துறைமுகத்தில் கிரேன் இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். மூளையின் இடப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதால் வலக்கையும் வலக்காலும் செயலிழந்தன, பேச்சும் பாதிக்கப்பட்டது. நாம் சொல்வது அவருக்குப் புரியும். சொல்ல நினைக்கும் சொல்தான் வாய்க்கு வராது. முதல் மாதங்களில் கால் விரைவாகத் தேறியது, கை ஓரளவு தேறியது. பக்கவாதத்துக்குப் பின் மீட்சியின் பெரும்பகுதி முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில் நிகழ்ந்துவிடும் என்பதையும் அதன் பிறகு முன்னேற்றம் மிக மெதுவாகவே வரும் என்பதையும் மருத்துவர்கள் எங்களிடம் மறைக்கவில்லை. அந்த மெதுவான காலம் தொடங்கியபோதுதான் அவர் வெளியே போவதை நிறுத்தினார். மாலையில் போய் உட்காரும் கேரம் கிளப்பின் வழியே நடப்பதைக்கூடத் தவிர்த்தார். பக்கவாதத்திலிருந்து பிழைத்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. ஆனால் வீட்டில் அதற்கு நாம் வைக்கும் பெயர் கோபம், பிடிவாதம், சோம்பல். பேச்சுப் பயிற்சி அளிப்பவரே இதைக் கவனித்து இந்தக் குழுவைப் பரிந்துரைத்தார்.

சேருவதற்கு முன் எங்கள் குடும்பத்தில் பெரிய தயக்கம் இருந்தது. 'ஏற்றுக்கொள்ளக் கற்றுத்தருகிறார்கள்' என்று கேள்விப்பட்டதும், இனி கை வராது, தலையெழுத்து என்று இருந்துவிடு என்று சொல்லப்போகிறார்கள் என்றே எல்லோரும் நினைத்தோம். அதுவரை உறவினர்கள் ஆளுக்கொரு வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் புறா ரத்தம் தடவச் சொன்னார், ஒருவர் எண்ணெய்க்கு ஆள் அனுப்பினார், ஒருவர் பரிகாரத்துக்கு நாள் குறித்துக்கொடுத்தார். அவையெல்லாம் கையைத் திரும்பத் தருவதாக வாக்களித்தன. இவர்களோ எதையும் வாக்களிக்கவில்லை. முதல் அமர்வில் உளவியலாளர் இந்தத் தயக்கத்தைத் தாமே எடுத்துப் பேசியது எனக்குப் பிடித்திருந்தது. நரம்பை இந்தச் சிகிச்சை சரிசெய்யாது என்றார். பிசியோதெரபியை ஒரு நாள்கூட விடக் கூடாது என்றும், எந்த மாத்திரையையும் மருத்துவரைக் கேட்காமல் குறைக்கக் கூடாது என்றும், அதிலும் வலிப்புக்கான மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து என்றும் அழுத்திச் சொன்னார். ஏற்கச் சொல்வது நோயின் முன் தோற்றுப்போவதை அன்று. நோயோடு சேர்ந்து வருகிற துக்கம், வெட்கம், பயம், களைப்பு ஆகியவை மனத்தில் எழும்போது அவற்றை அடித்து விரட்டுவதிலேயே நாள் முழுவதையும் செலவழிக்காமல், அவை இருக்கும்போதே நமக்கு முக்கியமான ஒன்றைச் செய்யத் தொடங்குவதைத்தான் என்று அவர் விளக்கியபோது, என் கணவர் தலையை நிமிர்த்திக் கேட்டார்.

இந்த முறையை 1980களில் அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ஹேய்ஸ் உருவாக்கத் தொடங்கினார். அவரே கடுமையான பீதி நோயால் துன்பப்பட்டவர். ஏற்றல், செயலுறுதி என்ற இரண்டையும் சேர்த்துப் பெயரிடப்பட்ட இதை ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு 'ஆக்ட்' என்று அழைக்கிறார்கள். எண்ணங்களிலிருந்து சற்று விலகி நின்று பார்ப்பது, உணர்வுகளுக்கு இடம் கொடுப்பது, இந்தக் கணத்தில் கவனம் வைப்பது, எண்ணங்களைவிடப் பெரியவராகத் தம்மைக் காண்பது, எது முக்கியம் என்று தெளிவது, அதற்காகச் சிறு அடி எடுத்து வைப்பது என ஆறு திறன்களை இது பழக்குகிறது.

நரம்பியல் பாதிப்பு உள்ளவர்களுக்கு இது ஏன் பொருந்துகிறது என்பதை நான் அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் உணர்ந்தேன். வழக்கமான ஆலோசனையில், மனத்தில் எழும் கெட்ட எண்ணம் உண்மைதானா என்று சோதித்துப் பார்க்கச் சொல்வார்கள். தேர்வில் தோற்ற பிள்ளை, நான் எதற்கும் லாயக்கில்லை என்று நினைத்தால் அதை மறுக்க ஆயிரம் சான்றுகள் காட்டலாம். ஆனால் என் கணவரின் மனத்தில் எழுவது, என் கை முன்பு போல் இருக்கப்போவதில்லை என்பது. பார்க்கின்சன் உள்ளவரின் மனத்தில் எழுவது, இந்த நோய் கூடிக்கொண்டேதான் போகும் என்பது. இவை பொய் எண்ணங்கள் அல்ல. இவற்றோடு வாதாடினால் வாதாடுகிறவர்தான் தோற்பார். ஆறுதல் என்ற பெயரில், எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லும் உறவினரிடம் நோயாளி பேசுவதையே நிறுத்திவிடுவதற்கும் இதுவே காரணம். உண்மையான, வலிமிகுந்த எண்ணம் ஒன்றை மறுக்காமலும் அதற்கு அடிபணியாமலும் இருக்க ஒரு வழி தேவைப்படுகிறது. அந்த வழியை இந்தக் குழுவில் பழகக் கொடுக்கிறார்கள்.

இதற்குப் பின்னால் ஆய்வுகளும் இருக்கின்றன. அவற்றை மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். 2019இல் வேல்ஸ் நாட்டில் மஜும்தார், மோரிஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வில், பக்கவாதத்திலிருந்து மீண்ட 53 பேர் பங்கேற்றனர். வாரம் இரண்டு மணி நேரமாக நான்கு வாரம் மட்டுமே நடந்த குழு அமர்வுகளுக்குப் பின் மனச்சோர்வு குறைந்து நம்பிக்கை உயர்ந்தது. 2008இல் லுண்ட்கிரேன் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் இந்தியாவிலேயே ஓர் ஆய்வு செய்தார்கள். மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்புள்ள 18 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இந்தச் சிகிச்சையும் மற்றதற்கு யோகாவும் அளித்தபோது இரண்டு பிரிவினரின் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டது. வலிப்பின் தாக்கம் இரண்டிலும் குறைந்தாலும், இந்தச் சிகிச்சை பெற்றவர்களிடம் கூடுதலாகக் குறைந்தது. இவை சிறிய ஆய்வுகள். பெரியது 2024இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. நரம்புகள் படிப்படியாகச் செயலிழந்து உயிரையே பறிக்கும் இயக்க நரம்பணு நோய் கொண்ட 191 பேர், பிரிட்டனின் 16 மருத்துவ மையங்களிலிருந்து அதில் பங்கேற்றார்கள்; வழக்கமான மருத்துவத்தோடு இந்தச் சிகிச்சையையும் பெற்றவர்களின் வாழ்க்கைத் தரம் ஆறு மாதங்களுக்குப் பின் மற்றவர்களைவிட நன்றாக இருந்தது. குணமாக வழியே இல்லாத ஒரு நோயில் கிடைத்த பலன் என்பதால் அதை நான் மிகவும் மதிக்கிறேன்.

இனி, எங்கள் குழுவில் நடந்தவற்றுக்கு வருகிறேன். எண்ணத்திலிருந்து விலகி நிற்க, 'இப்படி ஓர் எண்ணம் எனக்கு வருகிறது' என்று அதை வாக்கியமாக்கிச் சொல்லப் பழக்குவது இந்தச் சிகிச்சையின் வழக்கமான பயிற்சி. சொல் வராத ஒருவரிடம் இவ்வளவு நீண்ட வாக்கியத்தைக் கேட்பது அவரை அவமானப்படுத்துவதாகும். உளவியலாளர் அதற்கு மாறாக ஒரு தாள்துண்டில் என் கணவர் கைகாட்டித் தேர்ந்தெடுத்த 'உதவாத கை' என்ற இரண்டு சொற்களை எழுதினார். அதை முதலில் அவர் கண்ணுக்கு மிக அருகில் பிடிக்கச் சொன்னார். எதிரில் இருக்கும் நானும் சாளரமும் மறைந்துபோயின. பிறகு தாளைக் கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னார். கடைசியில் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இடக்கையால் எல்லோருக்கும் தேநீர்க் கோப்பையை எடுத்துக் கொடுக்கச் சொன்னார். எழுதியது அழிக்கப்படவில்லை, மறுக்கப்படவில்லை, பையிலேயே இருந்தது. தேநீரும் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. பத்து நிமிடத்தில் முடிந்த இந்தப் பயிற்சியை என் கணவர் வீட்டில் இன்றும் செய்கிறார். நினைவாற்றல் குறைந்தவர்களும் மறக்காதபடி பாடத்தைக் கைக்குள் கொடுத்த இந்தத் திறமைக்காகவே அந்த உளவியலாளரை எவரிடமும் பரிந்துரைப்பேன்.

பேருந்துப் பயிற்சியும் அப்படித்தான். ஓட்டுநர் இருக்கையில் நாம், பின்னால் கூச்சலிடும் பயணிகளாக நம் எண்ணங்கள் என்பது இந்தச் சிகிச்சையில் உலகெங்கும் பயன்படுத்தும் உவமை. அதை வாயால் விளக்கிக்கொண்டிராமல், நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, திருவொற்றியூரிலிருந்து பாரிமுனைக்குப் போகும் மாநகரப் பேருந்தாகவே நடித்துக் காட்டினார்கள். வலிப்பு நோயுள்ள இளைஞர் ஓட்டுநர், நாங்கள் பயணிகள். 'நடுவழியில் விழுந்துடுவ', 'எல்லாரும் பாக்குறாங்க', 'வண்டியைத் திருப்பு' என்று நாங்கள் கத்த வேண்டும். முதல் முறை அவர் எழுந்து வந்து எங்களோடு சண்டை போட்டார், பேருந்து நின்றுவிட்டது. இரண்டாம் முறை, நாங்கள் சொல்வதையெல்லாம் செய்து எங்களை அமைதிப்படுத்தினார். பேருந்து தண்டையார்பேட்டையைத் தாண்டவில்லை. மூன்றாம் முறை எங்களைக் கத்தவிட்டு, பாரிமுனை வரை ஓட்டிச் சென்றார். பேச்சிழந்தவரும் மறதி உள்ளவரும் படிக்கத் தெரியாதவரும் ஒரே நேரத்தில் புரிந்துகொண்ட பாடம் அது.

கண்களை மூடி மூச்சைக் கவனிக்கும் பயிற்சியில் அவர்கள் காட்டிய கவனத்தையும் பாராட்ட வேண்டும். கால் பலவீனமானவர் கண்ணை மூடி நின்றால் நிலைகுலைந்து விழ வாய்ப்புண்டு; ஆகவே எல்லோரும் உட்கார்ந்து, கண்களைத் திறந்தே வைத்திருந்தோம். பார்க்கின்சன் உள்ள ஓர் அம்மாள், உடம்பைக் கவனிக்கச் சொன்னால் நடுக்கம் ஒன்றே தெரிகிறது, அதைக் கவனிக்கக் கவனிக்கக் கூடுகிறது என்றார். மனப்பதற்றம் நடுக்கத்தை அதிகரிப்பது உண்மையே. அவருக்கு மட்டும் கவனத்தை உடம்பிலிருந்து வெளியே எடுத்து, தெருவில் கேட்கும் ஒலிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்கும்படி மாற்றினார்கள்: லாரியின் ஹாரன், பள்ளி விடும் மணி, மீன்காரரின் குரல். அறை வாசலில் கால் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும் அவருக்காகத் தரையில் வண்ணப் பட்டைகளை ஒட்டியிருந்தார்கள். கோடு கண்ணில் பட்டால் அடுத்த அடி எடுத்து வைக்க முடிகிறது என்பது பார்க்கின்சனில் நன்கு அறியப்பட்டது. மனத்துக்கான குழுவில் இதையும் யோசித்திருந்தார்களே என்று மகிழ்ந்தேன்.

அழுகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூளையில் உணர்ச்சி வெளிப்பாட்டைக் கட்டுப்படுத்தும் பாதைகள் பாதிக்கப்பட்டால், பெரிய துக்கம் எதுவும் இல்லாமலேயே அழுகை பீறிடும். சிலருக்குப் பொருந்தாத நேரத்தில் சிரிப்பு வரும். என் கணவருக்கு அழுகை. பேரன் வாசலில் வந்து நின்றால்கூடக் கண்ணீர் வழியும். எங்கள் தெருவில் ஆண் அழுதால் வீடே பதறிவிடும். ஆகவே விருந்தினர் வரும்போது அவர் உள்ளறைக்குப் போய்விடுவார். இதற்கு மருந்தும் உண்டு, நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள் என்று முதலில் சொன்னது மிகவும் பொறுப்பான செயல். அதன் பிறகு குழுவில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார்கள்: யாருக்கு அழுகை வந்தாலும் யாரும் பேச்சை நிறுத்துவதில்லை, தண்ணீர் கொண்டு ஓடுவதில்லை, 'அழாதீங்க' என்று சொல்வதில்லை. அழுதபடியே அவர் தம் முறைக்கு உரியதைச் செய்யலாம். சில வாரங்களில் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கப் பழகினார். வீட்டிலும் இதையே கடைப்பிடிக்கிறோம். பேரனிடம், தாத்தாவுக்குக் கண்ணில் தண்ணீர் வரும், நீ பாட்டுக்கு விளையாடு என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

எது முக்கியம் என்று தெளிவதற்கு, படங்கள் அச்சிட்ட அட்டைகளைப் பரப்பினார்கள். கோவில், தேவாலயம், தர்கா, பள்ளிக்கூடப் பிள்ளை, கடல், சமையல், சீட்டுக்கட்டு, சங்கக் கூட்டம், கேரம் பலகை. பேச வேண்டியதில்லை, எடுத்தால் போதும். என் கணவர் கேரம் அட்டையை எடுத்தார், சற்று யோசித்துப் பேரப்பிள்ளை அட்டையை அதன்மேல் வைத்தார். வடசென்னையில் கேரம் வெறும் பொழுதுபோக்கு அல்ல என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். இங்கே தெருவுக்குத் தெரு கிளப் உண்டு. 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா, புதுவண்ணாரப்பேட்டைப் பக்கத்து ஆட்டோ ஓட்டுநரின் மகள். ஸ்ட்ரைக்கர் பிடிக்க முடியாத வலக்கை என் கணவருக்குக் கொடுத்த வேதனை, சாப்பிட முடியாத வலக்கை கொடுத்ததைவிடக் கூடுதல் என்பது எனக்கே அந்த அட்டையைப் பார்த்துத்தான் தெரிந்தது. அடுத்த கேள்வியை உளவியலாளர் மிகக் கவனமாகக் கேட்டார்: 'கேரம்ல உங்களுக்கு எது பிடிக்கும், ஐயா? ஜெயிக்கிறதா, ஆடுறதா, அங்க போய் உக்கார்றதா, பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறதா?' நான்கையும் விரல் விட்டு எண்ணிக் காட்டினார். என் கணவர் நான்காவது விரலைப் பிடித்துக்கொண்டார். அங்கிருந்து ஒரு செயல் பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டுத் திண்ணையில் பேரனுக்கு ஒரு போர்டு. அவர் இடக்கையால் ஆடுவார். காய் போகாவிட்டாலும் போர்டு முடியும் வரை எழுந்திருக்கக் கூடாது. இன்று அவர் கிளப்புக்குப் போகிறார். முன்பு போல் ஆடுவதில்லை. பிள்ளைகள் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, எந்தக் காயை எந்த முனையில் அடிப்பது என்று இடக்கை விரலால் கோடு போட்டுக் காட்டுகிறார். அதற்குச் சொல் தேவைப்படுவதில்லை.

எல்லோருக்கும் இவ்வளவு பலன் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். வலிப்பு நோயுள்ள அந்த இளைஞரின் துன்பத்தில் பாதி வெளியுலகத்தால் வருவது. ஓட்டுநர் உரிமத்துக்கான படிவத்தில் வலிப்பு உண்டா என்று கேட்கிறார்கள்; அவர் படித்த வேலையோ வண்டி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டிய வேலை. வீட்டில் பெண் பார்க்கும்போது நோயை மறைக்கச் சொல்கிறார்கள். திருமணத்தை ரத்துசெய்வதற்கான காரணங்களின் பட்டியலிலிருந்து வலிப்பை 1999ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் நீக்கிவிட்டது என்பது அவர் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. சமூகம் செய்யும் அநீதியை மனத்துக்குள் இடம் கொடுத்து ஏற்றுக்கொள் என்று சொல்வது தவறாகிவிடும். இந்த எல்லையை உளவியலாளர் ஓரளவு அறிந்திருந்தார், ஆனால் போதுமான நேரம் ஒதுக்கவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைப் பாதிப்புகளைப் பட்டியலிடுகிறது; பார்க்கின்சனும் நாள்பட்ட நரம்பியல் பாதிப்புகளும் அதில் அடங்கும். சான்றிதழ், உதவித்தொகை, பயணச் சலுகை பற்றித் தெரிந்த ஒரு சமூகப் பணியாளர் ஓர் அமர்வுக்காவது வந்திருந்தால், முக்கியமானதை நோக்கி அடி எடுத்து வையுங்கள் என்ற பேச்சுக்கு இன்னும் வலு இருந்திருக்கும்.

குறைகளில் முதலாவது படிக்கட்டு. குழு நடக்கும் அறை முதல் மாடியில் இருக்கிறது, மின்தூக்கி இல்லை. 2021இல் விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்ட பிறகு, காலாடிப்பேட்டையில் மின்தூக்கியில் ஏறி தண்டையார்பேட்டையில் மின்தூக்கியில் இறங்கி, சக்கர நாற்காலியிலேயேகூட வந்துவிட முடிகிறது. அப்படி வந்தவர் மையத்தின் வாசலில் இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டியிருப்பது வருத்தத்துக்குரியது. பக்கவாத நோயாளிகளுக்கான இடத்தை மாடியில் வைத்துவிட்டு உள்ளே எவ்வளவு அருமையாக நடத்தினாலும், ஏற முடியாதவர் வரவே மாட்டார். அவர் வராதது மையத்தின் கணக்கில் தெரியவும் தெரியாது.

அடுத்தது நேரம். மாலை ஐந்து மணி என்பது வேலைக்குப் போகும் மகன்களுக்கும் மகள்களுக்கும் வசதி, நோயாளிகளுக்கு அல்ல. பக்கவாதத்துக்குப் பிந்தைய களைப்பு மாலையில்தான் கவிகிறது. பார்க்கின்சன் உள்ளவருக்கு லெவோடோப்பா மாத்திரையின் வேகம் குறையும் நேரமும் அடுத்த மாத்திரைக்கு முந்தைய நேரமும் மிகக் கடினமானவை. அந்த அம்மாள் இரண்டாம் மணி நேரம் முழுவதும் முகம் இறுகி, பேச்சு தாழ்ந்து, கேட்பவராக மட்டுமே இருந்தார். மருந்து நேரத்தைக் கேட்டறிந்து அமர்வு நேரத்தை அமைப்பது இந்தச் சேவைக்கு அடிப்படைத் தேவை.

படிவங்கள் மூன்றாவது. தொடக்கத்திலும் முடிவிலும் மன நெகிழ்வை அளக்கும் வினாத்தாளைக் கொடுத்து, ஒவ்வொரு கூற்றுக்கும் ஒன்று முதல் ஏழு வரை எண் இடச் சொன்னார்கள். தமிழாக்கம் பாடநூல் நடையில் இருந்தது. தமிழாசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற எனக்கே சில வரிகளை இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது. என் கணவருக்காக நான் நிரப்பினேன். அப்படி நிரப்பினால் அது அவருடைய மனமா, என்னுடைய மனமா? மூளையின் வலப்பக்கத்தில் பாதிப்பு வந்தவர்களில் சிலருக்கு இடப்பக்கத்தில் இருப்பது கவனத்தில் படாது. எங்கள் குழுவில் ஒருவர் தாளின் இடப்பாதியைத் தொடவே இல்லை. சிரிக்கும் முகம் முதல் வாடிய முகம் வரை மேலிருந்து கீழாக வரைந்த நான்கு படங்கள் போதுமே. அட்டைகளை அவ்வளவு நன்றாக யோசித்தவர்கள் இதை யோசிக்காதது எனக்குப் புரியவில்லை.

ஆறாம் வாரத்து அமர்வும் கைகூடவில்லை. எண்ணங்களைவிடப் பெரியவராகத் தம்மைக் காண்பது என்ற திறனை அன்று எடுத்துக்கொண்டார்கள். கவனிப்பவரைக் கவனியுங்கள் என்பது போன்ற நுண்மையான சொற்களால் நாற்பது நிமிடம் பேச்சாகவே போயிற்று. தலைக்காயத்துக்குப் பின் கவனம் நிலைக்காத ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். என் கணவர் என்னைப் பார்த்துக் கையை விரித்தார். பேருந்துப் பயிற்சியைப் போலவோ தாள்துண்டைப் போலவோ இதற்கும் ஒரு செய்கையைக் கண்டுபிடிக்கும் வரை இந்த அமர்வை விட்டுவிடலாம் என்று பின்னூட்டத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பார்த்துக்கொள்பவர்களுக்கு எட்டு வாரத்தில் ஒரே ஓர் அமர்வுதான் தனியாகக் கிடைத்தது. அது மிகவும் அவசியமான அமர்வு. குளிப்பாட்டி, உடுத்தி, மாத்திரை கொடுத்து, இரவில் எழுப்பிக் கூட்டிப்போகும் மனைவிக்கு எரிச்சல் வரும். எரிச்சல் வந்ததே என்று குற்ற உணர்ச்சி வரும். அன்று ஒரு மருமகள், 'அத்தை எப்பதான் தூங்குவாங்கன்னு இருக்கு, அப்படி நினைக்கிறது பாவமா மேடம்?' என்று கேட்டபோது அறையில் இருந்த எல்லாப் பெண்களும் தலை நிமிர்ந்தோம். நினைப்பு வருவது உங்கள் கையில் இல்லை, அடுத்த வேளை மாத்திரையை அன்போடு கொடுப்பது உங்கள் கையில் இருக்கிறது, அதை நீங்கள் தவறவிட்டதே இல்லையே என்று உளவியலாளர் சொன்னார். எனக்கென்று நான் எடுத்த அட்டை வாசிப்பு. தினமும் மாலையில் அரை மணி நேரம், அவர் கேரம் கிளப்பில் இருக்கும்போது, நான் புத்தகத்தோடு உட்காருகிறேன். இத்தகைய அமர்வு இன்னும் குறைந்தது இரண்டு வேண்டும்.

கட்டணம், நோயாளிக்கும் உடன்வருபவருக்கும் சேர்த்து ஓர் அமர்வுக்கு 300 ரூபாய். தனி ஆலோசனைக்கு இதைப்போல் மூன்று மடங்கு ஆகிறது. ஓய்வூதியம் வரும் எங்களால் முடிந்தது. தினக்கூலி வீட்டுக்கு இது கடினம், ஆட்டோ செலவும் சேர்ந்தால் மேலும் கடினம். பணம் இல்லாதவர்கள் அதற்காகத் தயங்கி வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் நரம்பியல், மனநலம் என இரு பிரிவுகளும் இருக்கின்றன. நடக்க முடியாதவர்களுக்கு 2021 முதல் நடந்துவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. மனம் மிகவும் தாழ்ந்திருக்கும் நேரத்தில் 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். தனியார் மையத்துக்குப் போகிறவர்கள், அமர்வை நடத்துபவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர்தானா என்று முதல் நாளே கேளுங்கள். எங்கள் மையத்தில் கேட்டவுடன் பதிவுச் சான்றைக் காட்டினார்கள்.

யார் போகலாம் என்று கேட்டால், நோய் வந்து முதல் அதிர்ச்சி அடங்கி, இனி என்ன என்ற கேள்வி எழும் கட்டத்தில் இருப்பவர்களுக்கு இது மிகப் பொருத்தம். பேச்சு வராதவர்கள் தயங்க வேண்டியதில்லை. அவர்களுக்குத்தான் இங்கே நன்றாகச் செய்கிறார்கள். தற்கொலை எண்ணம் உள்ளவர்களும், நாளுக்கு நாள் சாப்பாடும் தூக்கமும் குறைந்துகொண்டே போகிறவர்களும் முதலில் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். எங்கள் குழுவில் ஒருவரை இரண்டாம் வாரமே அப்படி அனுப்பி, மருந்து தொடங்கிய பிறகு திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். பார்க்கின்சன் உள்ளவர்களின் குடும்பத்தினருக்கு என் ஆலோசனை, சேரும்போதே காலை நேரக் குழுவைக் கேட்டு வாங்குங்கள் என்பது. தரைத்தளத்துப் பிசியோதெரபி அறை காலை பதினொரு மணிக்குக் காலியாகிவிடுகிறது. அங்கே ஒரு குழுவைத் தொடங்க ஆறு பேராவது வேண்டும் என்று மையத்தில் சொல்கிறார்கள். நானும் கணவரும் பெயர் கொடுத்துவிட்டோம்; இன்னும் நான்கு பேர் தேவை.